கறுப்பியை இனி டாக் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறதா, வேண்டாமா?

கறுப்பி_அப்பா (வேளச்சேரி) · ஞாயிறு, இரவு 10.42

கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க. கை இன்னும் நடுங்குது.

எங்க வீட்டுல ஒரு கன்னி இன நாய், பேரு கறுப்பி. பொண்ணு, 16 மாசம், 19 கிலோ. கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேல ரெண்டு பழுப்புப் பொட்டு. மூணாவது மாடி ஃபிளாட். "வேட்டை நாயை ஃபிளாட்டுல வளர்க்குறியே, அறிவிருக்கா"ன்னு கேக்கப்போறவங்க வரிசையில நில்லுங்க, முன்னாடி என் மாமனார் நிக்கிறார்.

காலையில தெருவுல நடத்தலாம்னா, முனையில டீக்கடைகிட்ட அஞ்சு பேர் கொண்ட ஒரு தெருநாய்க் கூட்டம். கறுப்பி தலையைப் பார்த்ததும் அஞ்சும் எழுந்து வரும். ஒரு கையில பெல்ட், ஒரு கையில குச்சி, பாக்கெட்டுல பிஸ்கட். அதுக்குப் பேரு வாக்கிங்காம். அதனாலதான் ஆறு மாசமா ஞாயிறு சாயங்காலம் ஈசிஆர்ல, மணிக்கணக்குல காசு வாங்குற ஒரு டாக் பார்க்குக்குப் போறோம். பேரு வேண்டாம். மணல் தரை, சுத்தி வேலி, நடுவுல தண்ணித் தொட்டி. அங்க அவ ஓடுறதைப் பாக்கணும்ங்க. நாலு காலும் தரையில படாத ஒரு நொடி வரும், அதுக்காகவே பெட்ரோல் போடலாம்.

இன்னைக்கு நடந்தது இது. சின்ன நாய்களுக்குத் தனி அடைப்பு உண்டு. கூட்டம் கம்மின்னு நடுக்கதவைத் திறந்து விட்டிருந்தாங்க. ஒரு வெள்ளைப் பொமரேனியன், ஸ்னோயி. இருபது நிமிஷம் எல்லாரும் ஒண்ணாத்தான் விளையாடினாங்க. யாரோ பந்தை எறிஞ்சாங்க, ஒரு லேப்ரடார் ஸ்னோயியை இடிச்சிட்டு ஓடுச்சு, ஸ்னோயி 'கீச்'னு கத்திக்கிட்டு வேலியோரமா ஓட்டம் பிடிச்சுது. கறுப்பி அந்தப் பக்கம் திரும்பினா. குரைக்கலை, உறுமலை. சத்தமே இல்லை, அதுதான் இப்பவும் கண்ணை மூடினா வருது. இடுப்பைக் கவ்வி ஒரு உலுக்கு. நான் ஓடிப்போய்க் கழுத்துப் பட்டையைப் பிடிச்சு இழுத்தேன், விட்டுட்டா.

வெளிய ரெண்டே ரெண்டு ஓட்டை. வெட்கிட்ட போனா மயக்கம் கொடுத்து திறந்து பார்த்துட்டு ஏழு தையல் போட்டாங்க. 8,400 ரூபாய், நான்தான் கட்டினேன். ஸ்னோயி வீட்டம்மா "இந்த மாதிரி நாயை வெளிய கொண்டுவரலாமா?"ன்னு கேட்டாங்க, பதில் சொல்லத் தெரியலை. பார்க் ஆளு "நீங்கதான் சார் பாத்துக்கணும்"னு முடிச்சுட்டான்.

கறுப்பி இதுக்கு முன்னாடி எந்த நாயையும் கடிச்சது இல்லை. இனி போகலாமா? நிறுத்திட்டா வாரம் முழுக்க இந்த உடம்பை என்ன பண்றது?

---

ராஜபாளையத்தான் · ஞாயிறு, இரவு 11.05

தம்பி, நாய் மேல தப்பே இல்ல. கன்னி முயல் பிடிக்கவே வளத்த சாதி. வெள்ளையா, சின்னதா, கீச்சுன்னு கத்திக்கிட்டுக் குறுக்க ஓடினா அவ கண்ணுக்கு அது நாயில்ல. மோப்பம் பிடிச்சு யோசிச்சு ஓடுற நாய் வேற. இது கண்ணுல பட்டதும் கால் கெளம்பிரும்.

எங்க பக்கம் கரிசக்காட்டுல விட்டா விடிய ஓடிட்டு வந்து படுத்துக்கும். நாய்க்கு எதுக்குய்யா பார்க்கு? மனுசன் சங்கம் கூடுறதுக்கு நாயை சாக்கா வச்சிருக்கீக.

---

லட்டு_அம்மா (தாம்பரம்) · ஞாயிறு, இரவு 11.31

ஸ்னோயி பக்கம் பேச யாரும் இல்லையா? என் லட்டு மூணரைக் கிலோ. "நாய் மேல தப்பே இல்ல"ன்னு சொல்றது ரொம்ப சுலபம், ஏழு தையல் உங்க நாய்க்கு இல்லையே. நாங்களும் அதே காசு கொடுத்துத்தான் உள்ள வர்றோம். பெரிய நாய் வச்சிருக்கிறவங்க எல்லாரும் சொல்ற ஒரே வசனம், "ஒண்ணும் பண்ணாது, விளையாடுது". என் நாய் வாலை வயித்துக்குள்ள சொருகிக்கிட்டு பெஞ்சுக்குக் கீழ போய் ஒளிஞ்சா, அது விளையாட்டா?

நான் ஒரு வருஷம் போய்ப் பார்த்துட்டு நிறுத்திட்டேன். கடி ஒரு பக்கம். அந்தப் பொதுத் தண்ணித் தொட்டியால லட்டுக்கு மூணு வாரம் இருமல். வாத்து கத்துற மாதிரி இருமுவான், ராத்திரி யாரும் தூங்கலை. அப்புறம் குழந்தைங்க. நாய் பார்க்குல நாலு வயசுப் பையன் கையில சமோசாவோட ஓடுறான், அப்பா ரீல் எடுக்குறார். 2024 மே மாசம் ஆயிரம் விளக்குல மாநகராட்சிப் பூங்காவுக்குள்ள ரெண்டு ராட்வைலர் 5 வயசுக் குழந்தையைக் குதறினதை அதுக்குள்ள மறந்தாச்சு.

---

ராஜபாளையத்தான் · ஞாயிறு, இரவு 11.40

மூணரைக் கிலோ நாயை வேட்டை நாய் நடுவுல விட்டது யாரு தப்பு தாயி?

---

லட்டு_அம்மா · ஞாயிறு, இரவு 11.43

கதவைத் திறந்து விட்டது யாரு தப்புன்னு முதல்ல படிங்க. எழுத்துக்கூட்டியாவது.

---

திண்ணை_காவலர் (நெறியாளர்) · ஞாயிறு, இரவு 11.50

ரெண்டு பேரும் தண்ணி குடிச்சுட்டு வாங்க. தொட்டித் தண்ணி வேண்டாம்.

---

மருதம்_வெட் · திங்கள், காலை 6.58

கறுப்பி_அப்பா, முதல்ல ஒரு கேள்வி. கறுப்பியைப் பிரிக்கும்போது உங்க கையில பல்லு பட்டுச்சா?

மற்றதைப் பேசுறேன். ராஜபாளையத்தான் பாதி சரி. இது சண்டை இல்லை. சண்டைன்னா முறைப்பு, உறுமல், முடி சிலிர்ப்பு எல்லாம் முன்னாடியே வரும். இங்க விளையாட்டு நடுவுல வேட்டைப் புத்தி முழிச்சுக்கிச்சு. சின்னது கத்துறதும் ஓடுறதும் அதைத் தூண்டிவிடும். நாட்டு வேட்டை நாய்க்கு மட்டும்தான்னு நினைக்காதீங்க. ஹஸ்கி, ஷெப்பர்டு, கோல்டன்கூட செய்யும், ரெண்டு மூணு நாய் சேர்ந்து ஒண்ணைத் துரத்தும்போது இன்னும் சுலபமா நடக்கும். எடை வித்தியாசம் இருந்தா நாய் கெட்டதா இருக்கணும்னு அவசியமே இல்லை, ஒரு உலுக்கு போதும்.

அந்த ரெண்டு ஓட்டை விஷயம் எல்லாரும் கவனிக்கணும். பல்லு தோலுக்குள்ள போய் உலுக்கும்போது தோல் நகர்ந்து கொடுக்கும், அடியில சதை கிழியும். வெளிய பார்த்தா மிளகு அளவு. வீட்டுல மஞ்சள் வச்சு விட்டுட்டு நாலாம் நாள் சீழ் பிடிச்சு, காய்ச்சலோட தூக்கிட்டு வருவாங்க. கடின்னா அன்னைக்கே வெட்.

இன்னொண்ணு, வருத்தப்படாதீங்க. கவ்வியிருக்கும்போது பட்டையைப் பிடிச்சு இழுத்தா காயம் பெருசாகும். முகத்துல தண்ணியை ஊத்துறது, தலைமேல துண்டு போடுறது, பெரிய சத்தம், இதெல்லாம் முதல்ல. வாயை விட்ட நொடியில பின்னங்கால் ரெண்டையும் தூக்கி, கைவண்டி இழுக்கிற மாதிரி பின்னாடி கொண்டுபோகணும். கழுத்துப் பக்கம் கை போனா அடுத்த கடி உங்களுக்கு.

---

கறுப்பி_அப்பா · திங்கள், காலை 7.20

கட்டைவிரல்கிட்ட ஒரு கீறல் இருக்கு டாக்டர். லேசா ரத்தம் வந்துச்சு. டெட்டால் போட்டேன். கறுப்பிக்கு ரேபிஸ் ஊசி போன ஆகஸ்ட்ல போட்டாச்சே?

---

மருதம்_வெட் · திங்கள், காலை 7.26

இப்பவே குழாயைத் திறந்து விட்டு சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. அப்புறம் நேரா அரசு ஆஸ்பத்திரி. நான் மாட்டு டாக்டர், மனுஷ டாக்டர் பார்த்து முடிவு பண்ணட்டும். ரத்தம் வந்திருக்குன்னு மறக்காம சொல்லுங்க, ஏன்னா தடுப்பூசி மட்டும் போதுமா, காயத்தைச் சுத்திப் போடுற இம்யூனோகுளோபுலினும் (உடனே வேலை செய்யுற எதிர்ப்பு மருந்து) வேணுமான்னு அதை வச்சுத்தான் பார்ப்பாங்க. கறுப்பிக்கு ஊசி போட்டது நல்ல சேதி, ஆனா அதை நம்பி உட்கார்ந்துடக் கூடாது. அவளை 10 நாள் கண்ணுலயே வச்சிருங்க. ஸ்னோயியோட ஊசி அட்டையையும் கேட்டு வாங்கிப் பாருங்க, அதுல கூச்சப்பட ஒண்ணும் இல்லை.

---

பிஷான்_மீனா (சிங்கப்பூர்) · திங்கள், காலை 9.14

எனக்கு இதைப் படிக்க வேற மாதிரி இருக்கு. இங்க 1953லேருந்து ரேபிஸ் இல்லை, அதனால கீறல்னா எங்களுக்குக் கீறல் மட்டும்தான்.

ஆனா டாக் ரன்னை (டாக் பார்க்கை இங்க அப்படித்தான் சொல்லுவோம்) முழுக்க எதிர்க்காதீங்க. என்னோடது தெருவுலேருந்து தத்தெடுத்த நாய், இங்க 'சிங்கப்பூர் ஸ்பெஷல்'னு செல்லமா சொல்லுவோம். வந்த புதுசுல லிஃப்ட் கதவு திறந்தா ஒண்ணுக்குப் போயிடுவா. பிஷான்–அங் மோ கியோ பூங்கா டாக் ரன்னுக்கு நாலு வாரம் உள்ள போகவே இல்லை. வேலிக்கு வெளிய புல்லுல உட்கார்ந்து, மத்த நாய்களைத் தூரத்துலேருந்து பார்க்க வச்சேன். அஞ்சாவது வாரம் ஒரு கிழட்டு கோர்கி வேலிகிட்ட வந்து படுத்துச்சு, இவளும் இந்தப் பக்கம் படுத்தா. அதுக்கப்புறம்தான் கதவு. மனுஷங்க ஆயிரம் பிஸ்கட் கொடுத்துச் சொல்லிக்கொடுக்காததை அந்தக் கோர்கி சொல்லிக்கொடுத்துச்சு.

எங்களுக்கு வந்த ஆபத்து உண்ணி. ஒரு நாள் சாப்பாடு வேண்டாம்னா, அடுத்த நாள் ஈறெல்லாம் வெளுத்துப்போச்சு. ரத்தப் பரிசோதனையில பிளேட்லெட் தரைமட்டம், உண்ணிக் காய்ச்சல். 28 நாள் டாக்ஸிசைக்ளின். இப்ப மாசம் தவறாம உண்ணி மாத்திரை, வீட்டுக்கு வந்ததும் காதுக்குள்ள, கால் விரல் இடுக்குல, வாலடியில விரலை விட்டுத் தடவிப் பார்த்துட்டுத்தான் உள்ள விடுவேன்.

---

பீகிள்_புதுசு (கோவை) · திங்கள், மதியம் 1.02

இடையில கேக்கிறேன், மன்னிக்கணும்ங்க. எங்க பீகிள் குட்டிக்குப் பத்து வாரம்ங்க. ரெண்டு ஊசி ஆச்சு. சின்னதுலயே பழக்கணும்னு சொல்றாங்க, பார்க்குக்குக் கொண்டுபோலாமுங்களா?

---

மருதம்_வெட் · திங்கள், இரவு 8.47

வேண்டாம். குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் கொண்டுவர்ற பார்வோ வைரஸ் மண்ணுல மாசக்கணக்குல உயிரோட இருக்கும், வருஷம்கூடத் தாங்கும். போன மாசம் அங்க கழிஞ்ச நாய் இன்னைக்கு வந்திருக்கணும்னு அவசியம் இல்லை, உங்க குட்டி பாதத்தை நக்கினா போதும். தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு குறையுற வரைக்கும் ஊசி சரியாப் பிடிக்காது, அதனாலதான் 16 வாரம் வரைக்கும் திரும்பத் திரும்பப் போடுறோம்.

ஆனா நீங்க கேட்டதுல நியாயம் இருக்கு. குட்டி உலகத்தைப் பயமில்லாம ஏத்துக்கிற வயசு மூணாவது வாரத்துலேருந்து பதினாலாவது வாரம் வரைக்கும்தான். ஊசி முடியட்டும்னு வீட்டுக்குள்ளயே வச்சிருந்தா அந்த வயசு போயிடும். தோள்ல பை மாதிரி மாட்டிக்கிட்டு கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டு, பட்டாசுக் கடை வாசல்னு காட்டுங்க. தரையில விடாதீங்க. ஊசி போட்ட, குணம் தெரிஞ்ச பெரிய நாய் உறவுக்காரங்க வீட்டுல இருந்தா அங்க போங்க. பீகிள் காது பெருசு, கேட்டுக்கிட்டே வளரட்டும்.

---

ஸ்கார்பரோ_சிவா (டொரொன்டோ) · செவ்வாய், காலை 5.33

இஞ்ச வேலி போட்ட இடங்கள் நிறைய இருக்கு, காசும் இல்லை. நான் எட்டு வருசமாக் கொண்டுபோறனான். ஒண்டாரியோச் சட்டம் ஒண்டு சொல்லுறன் கேளுங்கோ. உங்கட நாய் கடிச்சா அல்லது தாக்கினா நட்டத்துக்குப் பொறுப்பு உங்களுக்குத்தான். "முந்தி ஒருநாளும் கடிக்கேல்லை", "எனக்குத் தெரியாது" எண்ட கதை எடுபடாது. இரண்டு மூண்டு வீட்டுக்காரருக்கு அப்பிடிக் காசு கட்ட வந்ததை நான் கண்டனான். கறுப்பி_அப்பா காசு கட்டினது மெத்தச் சரி.

இன்னொரு பக்கமும் இருக்கு. மாசி மாசம் பனிக்குள்ள, ஆறு மணிக்கே இருட்டிப்போற ஊரில, ஒருத்தரோடயும் கதைக்காமல் கிழமைக்கணக்கில இருந்தனான். நாய்தான் என்னை வெளியில இழுத்துக்கொண்டு போனது. அங்க வாற கிரேக்கக் கிழவர் ஒருத்தருக்கு என்ர பேர் இண்டைக்கும் தெரியாது, "சுல்தான்ர அப்பா" எண்டுதான் கூப்பிடுவார். போன வருசம் எனக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது பத்து நாள் சுல்தானை அவர்தான் நடத்தினவர். ராஜபாளையத்தான் அண்ணை சொன்ன 'மனுசர் சங்கம்' எண்டது உண்மைதான். எனக்கு அது நக்கலாத் தெரியேல்லை.

---

கொண்டாப்பூர்_கார்த்தி (ஐதராபாத்) · செவ்வாய், மாலை 7.10

இந்தியாவுல உருப்படியா கட்டினது எங்க ஊருலதான்னு கொஞ்சம் பீத்திக்கிறேன். குப்பை கொட்டுற இடமா கிடந்ததை மாநகராட்சி 1.3 ஏக்கர் டாக் பார்க்கா மாத்தி 2018ல கொண்டாப்பூர்ல திறந்தாங்க. நாய்க்குன்னு தனியா வேலி போட்ட முதல் பூங்கான்னு எல்லாரும் சொல்றது கலிஃபோர்னியா பெர்க்லியில 1979ல வந்தது. நாப்பது வருஷம் கழிச்சு நம்மகிட்ட வந்துச்சு, ஆனா எப்படி நடந்துக்கணும்ங்கிற பழக்கம் கூட வரலை.

நான் பார்த்த சண்டைல பெரும்பாலானது கதவுகிட்டதான். புதுசா ஒரு நாய் வந்தா உள்ள இருக்கிறது எல்லாம் மொய்க்கும். வர்ற நாய் பெல்ட்டுல இறுக்கமா நிக்கும், ஓடவும் முடியாது, முகம் திருப்பவும் முடியாது. ரெட்டைக் கதவு வச்சதே அதுக்காகத்தான். ரெண்டுக்கும் நடுவுல பெல்ட்டைக் கழட்டிட்டு, உள்ள கூட்டம் கலைஞ்சதும் விடணும். விட்டதும் நாம நடக்கணும். பெஞ்சுல உட்கார்ந்தா நாயும் அங்கயே சுத்தும், அங்கதான் உரசல்.

லட்டு_அம்மா கேட்ட "அது விளையாட்டா?"ங்கிறதுக்கு ஒரு சோதனை இருக்கு. துரத்துற நாயை ஒரு நிமிஷம் பிடிச்சு வைங்க. துரத்தப்பட்டது திரும்பி வந்து "என்னப்பா நின்னுட்ட"ன்னு முன்னங்காலை நீட்டிக் குனிஞ்சா விளையாட்டு. அப்படியே ஓடிப்போய் வீட்டுக்காரர் காலுக்கு நடுவுல நின்னா, அன்னைக்குக் கடையைச் சாத்திட்டுக் கிளம்பணும். வால் ஆடுறதை வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க, கடிக்கப்போற நாயும் விறைப்பா வாலை ஆட்டும். பந்து, எலும்பு, பிஸ்கட் கவர் மூணும் கார்லயே இருக்கட்டும். கறுப்பி கதையும் பந்துலதான் ஆரம்பிச்சிருக்கு.

---

கண்டிகை_வக்கீல் · செவ்வாய், இரவு 9.55

சட்டம் பற்றி ஒரு வரி. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 291: தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது மனிதருக்கு. நாய் நாயைக் கடித்தால் செலவுக்கு சிவில் வழக்குதான், நடைமுறையில் பேசித் தீர்ப்பதே நடக்கிறது. வாசலில் கையெழுத்து வாங்குகிறார்களே, "எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று, அந்தத் தாளால் மட்டும் அவர்கள் தப்பிவிட முடியாது. தனி அடைப்பு என்று சொல்லிக் காசு வாங்கிவிட்டு கதவைத் திறந்து வைத்தது அவர்கள் பக்கக் குறைதான்.

---

லட்டு_அம்மா · செவ்வாய், இரவு 10.12

இதைத்தான் ஞாயித்துக்கிழமையே சொன்னேன்.

---

ராஜபாளையத்தான் · செவ்வாய், இரவு 10.30

சொன்னீக தாயி. ஒத்துக்கிடுதேன்.

தம்பி, கறுப்பிக்கு ஒரு யோசனை. ஓட எடம் வேணும், சின்ன நாய் கண்ணுல படக்கூடாது, அவ்வளவுதான? வெறும் பார்க்கா கெடைக்குற நேரத்துல போ. கூட அவ உசரத்துக்கு ஒரு நாய். ஒண்ணே ஒண்ணு. எங்க நாய்க எத்தனை பேரு கூடப் பழகுதுன்னு நாங்க என்னைக்கும் கணக்குப் பாத்ததில்ல.

---

கறுப்பி_அப்பா · மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு, காலை 9.18

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிடுறேன்.

அன்னைக்கே ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காயத்துல இம்யூனோகுளோபுலின், கையில ஊசி. 0, 3, 7ஆம் நாள் ஊசி ஆச்சு, 28ஆம் நாள் ஒண்ணு பாக்கி. வலி ஊசியில இல்லை, பக்கத்துல உட்கார்ந்திருந்த ஆளு "தெருநாயா?"ன்னு கேட்டப்ப "இல்லைங்க, எங்க வீட்டுப் பொண்ணு"ன்னு சொன்னதுல இருந்துச்சு.

ஸ்னோயிக்குத் தையல் பிரிச்சாச்சு. நேர்ல போய்ப் பார்த்தேன். கறுப்பியைக் கூட்டிட்டுப் போகலை. என் பேண்ட்டை முகர்ந்து பார்த்துட்டு சோஃபாவுக்குப் பின்னாடி போயிடுச்சு, அரைமணி நேரம் வெளிய வரலை. வீட்டம்மா காபி கொடுத்தாங்க. குடிச்சேன், இறங்கலை.

பார்க்ல பேசி, ஞாயிறு காலை 6 முதல் 7 வரைக்கும் தனியா எடுத்திருக்கேன். காசு கூடத்தான். மேடவாக்கத்துல ஒருத்தர்கிட்ட ஒரு சிப்பிப்பாறை ஆண் இருக்கு, கருத்தடை ஆனவன், அவனும் இவளும் மட்டும். ரெண்டும் வட்டமா நாலு சுத்து சுத்தி, நாக்கைத் தொங்கப்போட்டு மணல்ல படுத்துடுது. மொத்தமே பத்து நிமிஷம்தான் ஓடுறாங்க. நான் இத்தனை நாள் ரெண்டு மணி நேரம் வேணும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

கூடை மாதிரி வாய்மூடியும் பழக்குறேன், வாயைத் திறந்து இரைக்கிற அளவுக்குப் பெருசு. உள்ள தயிர் தடவிக் கொடுத்தா அவளே மூக்கை விடுறா. அது தெருவுக்கும் லிஃப்ட்டுக்கும் மட்டும். மத்த நாய் நடுவுல போட்டா அவளால தற்காத்துக்க முடியாதுன்னு மருதம் டாக்டர் தனிச்செய்தியில சொன்னார்.

---

லட்டு_அம்மா · ஞாயிறு, காலை 9.40

ஞாயிறு காலை 6 முதல் 7 தானே? நிச்சயமா?

---

கறுப்பி_அப்பா · ஞாயிறு, காலை 9.42

நிச்சயம் அக்கா. ஏன்?

---

லட்டு_அம்மா · ஞாயிறு, காலை 9.45

நாங்க எட்டு மணிக்கு வர்றோம். சின்ன அடைப்புக் கதவு பூட்டியிருக்கான்னு போறப்ப ஒருதடவை இழுத்துப் பார்த்துட்டுப் போங்க.